‘ரைட்’ என்னும் சொல்லும் நற்காட்சியும்

ஆங்கிலம் கல்லாதவரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் சில உள. அவற்றுள் ‘ரைட்’ என்பது ஒன்று. கணக்கு ஒத்துவந்தால் ‘ரைட்’ என்கிறோம். பிறர் கூறியதற்கு உடன்பட்டால் ‘ரைட்’ என்கிறோம். வழி கேட்டவரை ‘ரைட்டில் திரும்புங்கள்’ என்று அனுப்புகிறோம். ஆசிரியர் விடைத்தாளில் இடும் குறியும் ‘ரைட்’. பேருந்து புறப்படுவதற்குரிய சொல்லும் ‘ரைட்’. வாய்ச்சண்டை மூண்டால், ‘கேட்பதற்கு உனக்கென்ன ரைட் இருக்கிறது?’ என்று சினந்து எழுவதும் அதே சொல்லைக் கொண்டுதான். ஒலி ஒன்று, பொருளோ பல. இச்சிறு சொல்லை ஈண்டு ஆராயப் புகுவது மொழிநூல் பயிற்சி கருதியன்று. ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்கு நாம் அறியாமலே வழுக்கிச் செல்லுங்கால் குடும்பத்தில் பிணக்கும், சமுதாயத்தில் பகையும், சமயத்தில் செருக்கும் முளைக்கின்றன. ஆகலின் இஃது அறம் பற்றிய ஆராய்ச்சியே ஆகும்.

திருத்தணியில் வாழும் நமக்கு இச்சொல்லின் முகங்கள் பலவும் ஊரெல்லைக்குள்ளேயே காணக் கிடைக்கின்றன. தமிழும் தெலுங்கும் கைகோத்து நடக்கும் ஊர் இது. கடைத்தெருவில் ஒரே வாக்கியத்துள் இரு மொழிகளும் கலந்து வருவதைக் கேட்கலாம். அவ்விரு மொழியினரும் பொதுவாகக் கையாளும் மூன்றாம் மொழிச் சொற்களில் ‘ரைட்’ முதல் வரிசையில் நிற்கிறது. அதனை நம் முன்னோர் வகுத்துத் தந்த முறையினைக் கொண்டே எண்ணிப் பார்ப்போமாக.

முன்னோர் வகுத்த முறை

ஒரு சொல் பல பொருள் தருதல் மொழியின் குற்றமன்று, இயல்பு. அவ்வியல்பைத் தமிழில் முறைப்படத் தொகுத்து வைத்த பெருமையில் சமணச் சான்றோர்க்குப் பெரும்பங்கு உண்டு. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. அவற்றுள் பதினோராவது, ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டென்பதை எதுகை வரிசையில் அடுக்கி, எளிதில் நெட்டுருச் செய்யும்படி அமைந்தது அது. பழைய திண்ணைப் பள்ளிகளில் ‘பதினோராவது நிகண்டு’ என்றே அதற்குப் பெயர். சைவரும் வைணவரும் தம் பிள்ளைகளை அதனை ஓதச் செய்தனர். சொல்லின் பொருள்களைப் பிரித்தறியும் பழக்கத்தை இளமையிலேயே ஊட்டினால்தான் பின்னர்க் கற்கும் நூல்கள் விளங்கும் என்பதை அக்காலத்து ஆசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க நன்னூல் யாத்த பவணந்தி முனிவர் இதற்கு இலக்கண விதியே வகுத்தார். பலபொருள் குறித்த ஒரு சொல், அதனோடு வரும் வினையாலும், சார்பாலும், இனத்தாலும், இடத்தாலும் இன்ன பொருளது என்று விளங்கும். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா கனைத்தது’ என்றால் குதிரை. இந்நான்கினாலும் விளங்காதவிடத்து, சொல்லுகின்றவரே அதற்குரிய அடைமொழியைச் சேர்த்துச் சிறப்பித்துக் கூறுதல் வேண்டும். கேட்பவர் எவ்வாறேனும் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுதல் தகாது. பொருளைத் தெளிவுபடுத்தும் கடமை பேசுபவரைச் சார்ந்தது என்பது இவ்விதியின் உட்கிடை. இலக்கணத்துள் வைத்த இக்கடமை வாழ்க்கைக்கும் பொருந்தும்.

சமணத் தருக்க நூல்கள் இன்னும் ஓரடி முன் செல்கின்றன. ஒரு பெயர் எவ்வகையில் வழங்கப்படுகிறது என்பதனை நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என நால்வகை நிட்சேபமாகப் பகுத்துக் காணுமாறு அவை பணிக்கின்றன. எந்த நோக்கிலிருந்து ஒரு கூற்று மெய்யாகிறது என்பதனை நயங்கள் ஏழால் ஆராய்கின்றன. ‘சியாத்’ என்னும் சொல்லைச் சிலர் ‘ஒருகால் இருக்கலாம்’ என்று ஐயப்பொருள்படப் பெயர்த்து, சியாத்வாதத்தை ஐயவாதம் எனப் பழித்ததுண்டு. ‘இன்னதொரு நோக்கால்’ என்பதே அதன் கருத்து. ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்தமையால் ஒரு தத்துவமே பிறழ உணரப்பட்டமைக்கு இதுவே தக்க சான்று.

நேர்க்கோடும் வலக்கையும்

‘ரைட்’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள் நேராக இருத்தல் என்பர் மொழிநூலார். இலத்தீன் மொழியின் ‘ரெக்டஸ்’ என்பதும், வடமொழியின் ‘ருஜு’ என்பதும் இதற்கு உறவுச் சொற்கள். வளையாதது, கோணாதது என்பது இவற்றின் முதற்பொருள். ‘ருஜு’ என்பதிலிருந்து பிறந்ததே ‘ஆர்ஜவம்’. தசலட்சண பருவத்தில் நாம் போற்றும் பத்து அறங்களுள் மூன்றாவதாகிய உத்தம ஆர்ஜவம், மனம் மொழி மெய் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதாகும். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் வழங்கும் ஆங்கிலச் சொல்லும், நம் இல்லங்களில் நோன்பு நாளில் ஒலிக்கும் அறத்தின் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது எண்ணி மகிழத் தக்கது.

தமிழும் இதே வழியில் சென்றிருத்தலைக் காணலாம். நேர் என்பதிலிருந்து நேர்மை வந்தது. வளையாத கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். நடுநிலை பிறழாமையைக் ‘கோடாமை’ என்கிறோம். நேர்க்கோடு என்பதையே நல்லொழுக்கத்தின் உருவமாக மாந்தர் பல மொழிகளிலும் கண்டிருக்கின்றனர்.

இதுவரை இடர் ஒன்றும் இல்லை. ஆனால் ‘ரைட்’ என்பது வலக்கையையும் குறிக்கத் தொடங்கியபோது பொருள் வழுக்கத் தொடங்கியது. பெரும்பாலோர்க்கு வலக்கையே வலிமை உடையது. வலிமை உடையதே முறையானது. முறையானதே நல்லது என எண்ணம் படிப்படியாக நகர்ந்தது. பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளிலும் நேர்மை, சட்டம், வலப்பக்கம் ஆகியவை ஒரே வேரிலிருந்து வந்த சொற்களாலேயே குறிக்கப்படுகின்றன. தமிழில் ‘வலம்’ என்னும் சொல் வலப்பக்கம், வலிமை, வெற்றி ஆகிய மூன்றையும் உணர்த்தும். வென்றவன் பக்கமே நியாயத்தின் பக்கம் என்று கருதும் மயக்கத்துக்கு எம்மொழியும் விலக்கன்று.

இம்மயக்கத்தின் விளைவை முதலில் அனுபவித்தவர் குழந்தைகள். இயற்கையாகவே இடக்கையால் எழுத முற்பட்ட பிள்ளைகளை அடித்தும் அதட்டியும் வலக்கைக்கு மாற்றிய வழக்கம் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நெடுங்காலம் இருந்தது. அப்பிள்ளை செய்த பிழை யாது? ‘ரைட்’ கை என்பது ‘சரியான’ கை என்று பெரியவர்கள் கொண்ட மயக்கத்துக்குப் பிள்ளையின் விரல்கள் தண்டனை ஏற்றன. பெரிய அளவில் நிகழ்ந்த கொடுமைக்கும் நாட்டு வரலாற்றில் எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டுச் சாதிகள் பல வலங்கை, இடங்கை என இரு பிரிவாகப் பிரிந்து நின்றன. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சென்னையில் எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் செல்லலாம் என்பது போன்ற வழக்குகளில் இவர்களிடையே கலகங்கள் மூண்டன. தெரு எல்லார்க்கும் பொது. ஆயின் தெருவில் நடக்கும் ‘ரைட்’ எவர்க்கு என்பதே வழக்கு. பக்கத்தைக் குறித்த சொல் உரிமையைக் குறிப்பதாகி, உரிமை பகையாகிவிட்டது.

‘நானே ரைட்’

இனி, ‘சரி’ என்னும் பொருளை நோக்குவோம். நம் பிள்ளைகள் பலர் இன்று சமண நூல்களை ஆங்கில வாயிலாகவே முதலில் கற்கின்றனர். அதில் தவறில்லை. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தை ஜே. எல். ஜைனி 1920-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதே வரிசையில் அதே ஆண்டில் நம்மவராகிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பஞ்சாஸ்திகாயத்தைப் பெயர்த்து அளித்தார். 5-9-1888 அன்று திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1923-இல் வெளிவந்த ‘இந்தியத் தத்துவம்’ முதல் தொகுதியில் சமணத்துக்கென ஓர் இயலை ஒதுக்கினார். 1936-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கீழைநாட்டுச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் உரிய பேராசிரியர் பதவி ஏற்று, இந்திய மெய்ந்நூல்களின் சொற்களை மேலைநாட்டார்க்கு விளக்குவதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். இத்தகைய அறிஞர்களின் உழைப்பின்றி உலகம் நம்மை அறிந்திராது.

எனினும் மொழிபெயர்ப்பாளர் எவரும் தப்ப முடியாத இடர் ஒன்று உண்டு. மும்மணிகளின் முன்னே நிற்கும் ‘சம்யக்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரைட்’ என்னும் சொல்லே வழக்கமாயிற்று. ‘சம்யக்’ என்பது ஒருங்கே செல்லுதல், முழுமையுடைமை என்னும் கருத்துகளைத் தன்னுள் கொண்டது. தமிழகத்துச் சமணச் சான்றோர் அதனைத் தமிழாக்கியபோது, சரியான காட்சி, சரியான ஞானம் என்று கூறவில்லை. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என ‘நல்’ என்னும் அடையைச் சேர்த்தனர். சரி என்பதற்கு எதிர்ச்சொல் தவறு. ஒருவர் சரி என்றால் மற்றவர் தவறாக வேண்டும். நன்மையோ பிறரைத் தவறாக்கித் தான் நிலைபெற வேண்டுவதில்லை. நற்காட்சிக்கு மாறான மித்தியாத்துவம் பற்றி நூல்கள் கூறாமல் இல்லை. ஆயின் அம்மயக்கத்தை முதலில் தன்னிடத்தே தேடிக் களைய வேண்டும் என்பதே இல்லறத்தார்க்கு அவை காட்டும் நெறி.

‘ரைட்’ என்பதை ‘சரி’ என்னும் பொருளில் மட்டும் கொள்ளும் இளைஞர், நற்காட்சி என்றால் ‘நான் நம்புவதே சரி, பிறர் நம்புவது பிழை’ என்னும் உறுதி என்று எண்ணிவிடக்கூடும். நற்காட்சியின் எட்டு உறுப்புகளை அவர்க்கு எடுத்துக் காட்டுதல் நம் கடமை. ஐயமின்மையும் மயக்கமின்மையும் அவற்றுள் அடங்கும் என்பது உண்மை. ஆனால் அவற்றோடு, பிணியாளர் உடலைக் கண்டு அருவருக்காமை ஓர் உறுப்பு. அறவழியில் நிற்பாரிடம் குறை நேர்ந்தால் அதனைத் தூற்றாமல் மறைத்துக் காத்தல் ஓர் உறுப்பு. நெறியினின்று தளர்ந்தவரைத் தாங்கி நிலைநிறுத்துதல் ஓர் உறுப்பு. உடனுறைவோரிடம் கன்றை நோக்கும் பசுவைப் போன்ற அன்பு ஓர் உறுப்பு. இவற்றை ஒருசேர நோக்குங்கால், பிறர் பிழையைச் சுட்டிக் காட்டித் தன் செம்மையை நிறுவும் செயலுக்கு நற்காட்சியில் இடமே இல்லை என்பது விளங்கும். வாதத்தில் வென்ற பின், தோற்றவரை அருகணைத்துக்கொள்ளத் தெரியாதவர் ‘ரைட்’ ஆக இருக்கலாம், நற்காட்சியினர் ஆகார்.

உரிமையும் அறமும்

மூன்றாவது பொருள் உரிமை. இதுவே இன்று மிகுதியாகப் பேசப்படுவதும், மிகுதியாக மயங்கப்படுவதும் ஆகும். ‘இதனைச் செய்ய எனக்கு ரைட் இருக்கிறது, ஆகவே நான் செய்தது ரைட்’ என்று ஆங்கிலத்தில் ஒருவர் கூறினால், அது பழுதற்ற வாதம் போலத் தோன்றும். அதனையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘இதனைச் செய்ய எனக்கு உரிமை இருக்கிறது, ஆகவே நான் செய்தது அறம்.’ இடையில் உள்ள ஓட்டை உடனே புலப்படுகிறதன்றோ? நம் மொழி வேறு வேறு சொற்களால் பிரித்து வைத்ததை, கடன் வாங்கிய சொல் ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது.

நமக்கு அண்மையிலுள்ள ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். திருத்தணி வட்டாரத்தில் கரும்பும் நெல்லும் பயிரிடும் உழவர் பலர். நம் சமுதாயத்தவருள்ளும் வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் வேளாண்மையே தலைமுறைத் தொழிலாகக் கொண்டோர் மிகப் பலர். தம் நிலத்தின் கீழ், வரையறுத்த கால்வழியின்றிக் கிடக்கும் நீரைத் தம் எல்லைக்குள் திரட்டிப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை நிலவுடைமையாளர்க்கு உண்டு என்பதனை 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் எடுத்துக்காட்டோடு கூறுகிறது. ஒருவர் தம் வயலில் ஆழ்துளைக் கிணறு இடுகிறார். பக்கத்து வயலின் பழங்கிணறு வற்றுகிறது. அண்டை வயலார் முறையிட்டால், ‘என் நிலம், என் ரைட்’ என்பது விடையாகக் கிடைக்கிறது. அவர் கூறுவது உரிமை என்னும் பொருளில் மெய்யாகலாம். ஆனால் நிலத்தடியிலுள்ள நீருக்கு வரப்பு ஏது? நீரையே உயிருடையதாகக் கருதி வடிகட்டிப் பருகும் மரபில் வந்தோர், பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் அணுவிரதத்தை ஏற்றோர், ‘எனக்கு எவ்வளவு எடுக்க உரிமை?’ என்பதோடு நில்லாமல் ‘எனக்கு எவ்வளவு போதும்?’ என்றும் கேட்டல் வேண்டும். முதல் வினாவுக்குச் சட்டம் விடை கூறும். இரண்டாம் வினாவுக்கு நாமே விடை கூறிக்கொள்ள வேண்டும்.

இதனைக் கொண்டு உரிமை என்பதே அறத்துக்கு மாறானது என்று முடிவு செய்துவிடலாகாது. வலியவனுக்கு அவன் வலிமையே காவல். எளியவனுக்கு உரிமைதான் வேலி. பெண்மக்களின் சொத்துரிமையை எண்ணிப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்துவது. தமிழ்நாட்டில் 1989-இல் செய்த திருத்தத்தாலும், நாடு முழுமைக்கும் 2005-இல் செய்த திருத்தத்தாலும், குடும்பக் கூட்டுச் சொத்தில் மகளுக்கும் மகனோடொத்த பங்கு ஏற்பட்டது. அவ்வுரிமை பிறப்பால் வருவது என்பதனை 11-8-2020 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. ஆனால் நடப்பது என்ன? பாகப்பிரிவினை நாளில் உடன்பிறந்தாளிடம் விடுதலைப் பத்திரம் நீட்டப்படுகிறது. ‘நம் குலம் துறவைப் போற்றும் குலம், அண்ணன் தம்பியிடம் போய் ரைட் பேசலாமா?’ என்று பெரியவர்கள் அறம் உரைக்கின்றனர். கண்ணீரை அடக்கிக்கொண்டு கையொப்பமிடும் பெண்கள் எத்தனை பேர்!

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஒருவர் தம் உரிமையைத் தாமே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது தியாகம். பத்து அறங்களுள் வைத்து எண்ணத் தக்கது. பிறர் உரிமையை அவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அறத்தின் பெயரால் வற்புறுத்துதல் தியாகமாகாது. கொடாததைக் கொள்ளுதலாகிய களவின் சாயல் அதில் படிந்திருக்கிறது. துறவு உபதேசம் எவர்க்கு வேண்டும் என்று கேட்டால், நான்கு காணியை வைத்துக்கொண்டு ஒரு காணியையும் கொடுக்க மனமில்லாதவர்க்கே முதலில் வேண்டும். ஆழ்துளைக் கிணறு இட்டவரிடம் ‘உரிமை மட்டும் போதாது’ என்கிறோம். உடன்பிறந்தாளிடமோ ‘உன் உரிமையைக் கேட்பது பிழையன்று’ என்கிறோம். இவ்விரண்டும் முரண் அல்ல. தன் உரிமையை நோக்குங்கால் அறத்தை எண்ணுக. பிறர் அறத்தை நோக்குங்கால் அவர்தம் உரிமையை எண்ணுக. இதுவே இரண்டனையும் இணைக்கும் நெறி.

உரிமை என்னும் சொல்லால் நம் சமயமே நீதிமன்றம் ஏறிய செய்தியையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதி 10-8-2015 அன்று இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அத்தீர்ப்பை 31-8-2015 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அந்நாட்களில் ‘சாவதற்கு ரைட் உண்டா?’ என்பதே எங்கும் பேச்சாயிற்று. வாழும் உரிமையுள் சாகும் உரிமை அடங்காது என 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததும் எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் சல்லேகனைக்குரிய குற்றங்கள் ஐந்தனைக் கூறுமிடத்து, வாழ வேண்டும் என்னும் வேட்கையோடு சாக வேண்டும் என்னும் வேட்கையையும் குற்றமாகவே எண்ணுகிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியர் பெயர் அங்குள்ள பழங்கல்வெட்டில் விளங்குகிறது. அவர் எதனையும் உரிமையாகக் கோரியவர் அல்லர். எஞ்சியிருந்த பற்றையும் இறக்கி வைத்தவர். உரிமை என்னும் அளவுகோலால் மட்டும் துறவை அளக்கப் புகுந்தால், அளப்பவர் எத்துணை அறிஞராயினும் அளவு பிழைபடும். அதே வேளையில், நோன்பு மேற்கொள்ளுமாறு முதியவர் எவரையும் சுற்றத்தார் ஒரு சொல்லாலும் தூண்டலாகாது என்னும் எச்சரிக்கையும் இதனுள் அடங்கும். விடுதலைப் பத்திரத்துக்குக் கூறிய நெறி இங்கும் பொருந்தும்.

எல்லைக்கோட்டின் இருபுறம்

இருவர் கூற்றும் ஒருங்கே மெய்யாக இருத்தல் கூடுமா? திருத்தணியின் வரலாறே இதற்கு விடை. 1-10-1953 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வட எல்லைப் போராட்டத்தை நடத்தினர். தமிழர் தம் உரிமை என்றனர். தெலுங்கர் தம் உரிமை என்றனர். ஒரே தெருவில் இரு மொழியும் வழங்கும் ஊர்களில் எவர் ‘ரைட்’ என்று எப்படிக் கூறுவது? ஒவ்வொரு நோக்கில் ஒவ்வொன்றும் மெய். எச். வி. படாஸ்கர் நடுவராக இருந்து ஆராய்ந்ததன் பின் சட்டம் இயற்றப்பட்டு, 1-4-1960 முதல் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன.

இரு தரப்பும் சிறிது பெற்று, சிறிது விட்டு அமைந்த எல்லை அது. கேட்டதெல்லாம் கிடைத்தவர் எவரும் இல்லை. ஆயினும் அதன் பின்னர் இருபுறத்தாரும் கொண்டும் கொடுத்தும், சந்தைக்கும் திருவிழாவுக்கும் போயும் வந்தும் வாழ்கின்றனர். அநேகாந்தம் என்பது ‘எல்லாம் ஒன்றே’ என்று மழுப்புவதன்று. அவரவர் கூற்றில் எவ்வளவு மெய் உண்டோ அவ்வளவை ஏற்று, அதற்கு மேற்பட்டதை விடச் செய்தலே அதன் பயன்.

நடத்துநரின் சொல்

இச்சொல்லின் பொருள்களுள் நிகண்டுகளும் அகராதிகளும் அதிகம் பொருட்படுத்தாத ஒன்று எஞ்சியுள்ளது. திருத்தணிப் பேருந்து நிலையத்துக்குத் தமிழ்நாட்டுப் பேருந்துகளும் வருகின்றன. ஆந்திரப் பேருந்துகளும் வருகின்றன. நடத்துநர்களின் மொழி வேறு. பயணச்சீட்டின் எழுத்து வேறு. ஆனால் வண்டியை எடுக்கச் சொல்லும் சொல் இருவர்க்கும் ‘ரைட்’ என்பதே. வண்டி வலப்பக்கம் திரும்புக என்பது அதன் பொருளன்று. ‘நான் சொல்வதே சரி’ என்பதும் அன்று. ‘எனக்கு உரிமை உண்டு’ என்பதும் அன்று. ஏற வேண்டியவர் ஏறிவிட்டனர். இறங்க வேண்டியவர் இறங்கிவிட்டனர். படியில் தள்ளாடி நிற்கும் மூதாட்டி உள்ளே வந்துவிட்டார். சக்கரத்தருகே குழந்தை இல்லை. இனிப் புறப்படலாம் என்பதே அச்சொல்லின் முழுப்பொருள். பிறர் நலத்தைத் திரும்பிப் பார்த்த பின்னரே அதனைச் சொல்ல இயலும்.

சொல் குறிக்கும் செயல் நிகழும்போது மட்டுமே அச்சொல் மெய்யாகும் என்பது ஏவம்பூத நயம். படிக்கட்டைப் பாராமலே ‘ரைட்’ கூறும் நடத்துநரிடம் ஒலி உண்டு, பொருள் இல்லை. நம் நிலையும் அதுவே. நம் செயலால் எவரேனும் படியில் தொங்குகின்றனரா, எவர் காலேனும் சக்கரத்தில் சிக்குமா என்று பாராமல் ‘நான் செய்தது ரைட்’ என்று கூறுவோமாயின், அதுவும் வெற்றொலியே.

எந்தப் பொருளில்?

நாம் பெற வேண்டிய பயிற்சி எளியது. இச்சொல் நம் வாயில் வரும்போதெல்லாம் ‘எந்தப் பொருளில்?’ என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வோமாக. பவணந்தியார் பணித்தவாறு, ஐயம் நேருமிடத்து அடைமொழி சேர்த்துச் சிறப்பித்துப் பேசுவோமாக. ‘சட்டப்படி எனக்கு இது உரியது’ என்றால் அதனோடு நிறுத்திக்கொள்வோம். அதிலிருந்து ‘ஆகவே இஃது அறம்’ என்று தாவ வேண்டா. ‘கணக்குப்படி நான் சொன்னது சரி’ என்றால் அதனோடு அமைவோம். அதிலிருந்து ‘ஆகவே நீ தாழ்ந்தவன்’ என்று தாவ வேண்டா.

27-1-2014 அன்று சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டமையால், நம் சமுதாயத்துக்கு அரசியலமைப்பு அளித்துள்ள உரிமைகள் உறுதிப்பட்டன. கல்வி நிறுவனங்களை அமைக்கவும் நடத்தவும் உரிய வழிகளும் அவற்றுள் ஒன்று. அவ்வுரிமைகளைப் பெற்றது நன்று. அவற்றைக் கொண்டு நாம் யாருக்குக் கல்வி அளிக்கிறோம், யாரைத் தாங்கி நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அவை அறமாக மலரும்.

இவ்விதழைப் படிக்கும் இல்லங்களில், இவ்வாண்டு எங்கேனும் ஒரு பாகப்பிரிவினை நிகழக்கூடும். எங்கேனும் ஒரு வரப்புத் தகராறு எழக்கூடும். ஜினாலயக் குழுவில் ஒரு கருத்து வேற்றுமை தோன்றக்கூடும். அவ்விடங்களில் ‘ரைட்’ என்னும் சொல் எழுந்தால், பெரியவர் ஒருவர் அமைதியாக, ‘அம்மா, ஐயா, எந்தப் பொருளில் கூறுகிறீர்கள்?’ என்று கேட்கட்டும். உடன்பிறந்தாள் கையில் எழுதுகோல் கொடுக்கப்படும் முன் இவ்வினா எழுமாயின், பதினோராவது நிகண்டு ஓதிய நம் முன்னோர் உழைப்பு வீண்போகாது.

அறம் வளர்க!